சிரிக்காத படம்

வெள்ளி, வைகாசி 1956

கணவரின் தம்பி மஜீது, நேற்று என் மகளைக் கல்முனைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுப்பித்தார். சிங்கப்பூரிலிருக்கும் அவளுடைய வாப்பா பார்க்க ஆசைப்படுகிறாராம். மூன்று வருடமாக ஒரு செய்தியும் அனுப்பாத மனிதருக்குத் திடீரென்று ஆசை.

"சிரிக்க வேணாமாம் உம்மா. ரெண்டு காதும் தெரியணுமாம். எப்ப கப்பலெண்டு படக்கடையில மஜீது சாச்சாட்டக் கேட்டாங்க" என்று இன்று காலை மகள் சொன்னாள்.

அப்படியென்றால் அது வாப்பா பார்க்க அல்ல, பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம். எங்கள் வழக்கில் தீர்ப்புச் சொன்ன காதியார் பிள்ளையை என் பொறுப்பில்தான் விட்டார். அது கப்பல்காரனுக்கு எப்படித் தெரியும்?

படக்கடைக்கு ஓடினேன். "பெத்த உம்மா நான். படத்தைத் தாங்க." தயங்கித் தந்தார்கள்.

மாலையில் மஜீது வந்தார். "ஆருக்குக் கப்பல்?" என்று கேட்டேன். மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

படங்களை அடுப்பில் போட்டுவிட்டேன். இன்னொரு முறை எடுக்க எவ்வளவு நேரமாகும்? விடிந்ததும் மகளோடு வரிப்பத்தான்சேனைக்கு, என் கூடப்பிறந்த காக்கா வீட்டுக்குப் போகிறேன். பக்கத்து வீட்டுக்கும் சொல்லவில்லை.