லட்சுமம்மா வீட்டுப் பரண்

ஒக்கலிபுரம்,
பெங்களூர்.
9.2.1992

அன்புத் தோழி திலகவதிக்கு,

ருக்கு எழுதுகிறேன். இங்கே எங்கள் வீட்டில் எல்லாரும் சுகம். உன் அம்மாவுக்குக் கை வலி குறைந்ததா, அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று அம்மா என்னைத் தினமும் கேட்கிறாள், ஏதோ நான் நேற்றுத்தான் திருப்பத்தூர் போய் உங்களைப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி. அதனால் இரண்டுக்கும் பதில் எழுது.

நல்ல செய்தி ஒன்று. நம் புத்தகங்கள் கிடைத்துவிட்டன.

போன ஞாயிற்றுக்கிழமை லட்சுமம்மா வீட்டுப் பரணில் எலி ஓடுகிறது என்று அவர் மகன் மஞ்சுநாத் அண்ணன் ஏணி போட்டு ஏறினார். காவிரித் தண்ணீர்த் தகராறில் நடந்த டிசம்பர் கலவரத்தில் தமிழ் எழுத்து உள்ள எதுவும் வீட்டில் யார் கண்ணிலும் படக் கூடாது என்று, லட்சுமம்மா நம் வரிசையில் ஐந்து வீட்டுப் புத்தகங்களையும் காலண்டர்களையும் வாங்கிப் பழைய சேலைகளில் மூட்டை கட்டி மேலே போட்டார் இல்லையா, அந்த மூட்டைகள் அப்படியே இருந்தன. மறுநாள் காலையிலேயே நீங்கள் லாரி ஏறிவிட்டீர்கள். அதற்குப் பிறகு இங்கே இருக்கிறவர்களும் கேட்கவில்லை. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவரிடம் போய்ப் புத்தகம் எங்கே என்று எப்படிக் கேட்பது என்று ஒரு கூச்சம்.

எலி சேலையைக் கடித்ததில் மூட்டைகள் பிரிந்து எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. லட்சுமம்மா கன்னடக்காரர், தமிழ் பேச வரும், படிக்க வராது. என்னைக் கூப்பிட்டு, யாருடையது எது என்று பிரித்துக் கொடு என்றார். முதல் பக்கத்தில் பெயர் இருந்தால் சுலபம். பாதிக்கு மேல் பெயரே இல்லை. படித்துப் பார்த்தால்தானே யாருடையது என்று தெரியும்? இதைத்தான் அம்மாவிடமும் சொன்னேன். அவள் நம்பவில்லை. பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை என்று திட்டுகிறாள். நான் சமூகப்பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் படிக்கிறேன்.

முதலில் ஒரு துப்பறியும் நாவல். அட்டை இல்லை. பன்னிரண்டாம் பக்கத்திலேயே கொலைகாரன் தோட்டக்காரன்தான் என்று கண்டுபிடித்துவிட்டேன், நூற்றுப்பத்தாம் பக்கத்தில் தோட்டக்காரனையும் கொன்றுவிட்டார்கள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என்னை ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பாய். அடுத்தது முத்துக்குளிக்கப் போகிற ஒருவனின் கதை. அவன் தண்ணீருக்குள் போகும்போது கயிற்றைப் படகில் பிடித்துக்கொண்டிருப்பவன் அவன் மைத்துனன். இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஆனாலும் அந்தக் கயிற்றை நம்பித்தான் அவன் குதிக்க வேண்டும். அந்த இடத்தை மூன்று தடவை படித்தேன். கடைசிப் பக்கங்களை எலி தின்றுவிட்டது. அவன் மேலே வந்தானா என்று தெரியவில்லை. வந்திருப்பான் என்று வைத்துக்கொண்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் படிப்போம். நீ எப்போதும் எனக்கு முன்னால் முடித்துவிட்டுப் பக்கத்தின் மூலையைப் பெருவிரலால் தூக்கிப் பிடித்துக் காத்திருப்பாய். ஆச்சா, ஆச்சா என்று கேட்பாய். எனக்குக் கோபம் வரும். இப்போது தனியாகப் படிக்கும்போதும் பக்கம் முடிந்ததும் கொஞ்சம் நிற்கிறேன். பிறகுதான் ஞாபகம் வந்து நானே திருப்புகிறேன்.

உங்கள் புத்தகங்களைத் தனியாக அட்டைப்பெட்டியில் எடுத்து வைக்கிறேன். அங்கே ஸ்கூலில் சேர்த்துவிட்டார்களா? உடனே எழுது.

உன்
ருக்கு


ஒக்கலிபுரம்
15.3.1992

அன்புள்ள திலகா,

உன் கார்டு வந்தது. நாலு வரி. அதில் மூன்று வரியில் எங்கள் வீட்டில் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரித்திருக்கிறாய். நாலாவது வரியில், அப்பாவோடு உட்கார்ந்து காஜா போடவும் பட்டன் கட்டவும் கற்றுக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாய். ஸ்கூலைப் பற்றி ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்.

புத்தகங்களை ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கோடி வீட்டுக் கோதண்டராமன் சார் இருக்கிறாரே, சர்வே ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர், நாம் சிரித்துக்கொண்டு போனால்கூட அதட்டுவாரே, அவருக்கு என்று பெரிய பெரிய சட்டப் புத்தகங்களாகப் பொறுக்கிக் கட்டி எடுத்துப் போனேன். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, சமையல் புத்தகம் ஒன்று இருந்ததா என்று மெதுவாகக் கேட்டார். இருந்தது. நான் அதை உங்கள் பெட்டியில் வைத்திருந்தேன். ஓரத்தில் எல்லாம் பென்சிலால் யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள். ஒரு குழம்புக்குப் பக்கத்தில், இவருக்குப் புளி ஆகாது, பாதி போதும் என்று இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். அவர் அந்தப் பக்கத்தைச் சரியாகப் பிரித்துப் பார்த்துவிட்டு மூடினார். அவர் சம்சாரம் இறந்து ஆறு வருஷம் ஆகிறதாம். உள்ளே கூப்பிட்டு எனக்கு மோர் கொடுத்தார். திலகா, நாம் அவருக்கு வைத்த பட்டப் பெயரை இனிமேல் நான் சொல்லப் போவதில்லை.

உங்கள் பெட்டியில் இப்போது பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து தமிழில் போட்டு வந்த புத்தகங்கள்தான். வழவழ என்று காகிதம், மோந்து பார்த்தால் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை. ஒன்றில் ஒரு சிறுமி வருகிறாள். அவள் அம்மா மாட்டு டாக்டர். சறுக்கு வண்டியில் இரண்டு பேரும் பண்ணை பண்ணையாகப் போகிறார்கள். அந்தச் சிறுமி முட்டைக்கோஸ் சூப்பைக் கண்டால் முகம் சுளிக்கிறாள், நீ முள்ளங்கி சாம்பாருக்குச் சுளிப்பாயே, அதே மாதிரி. இதை அப்பாவிடம் சொன்னேன். அந்த நாடே இப்போது இல்லை, போன டிசம்பரில் கலைத்துவிட்டார்கள் என்று பேப்பரைப் பார்த்துச் சொன்னார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. புத்தகத்தில் அவள் இன்னும் பனியில் ஸ்கூலுக்கு நடந்துகொண்டிருக்கிறாள்.

இவையெல்லாம் உன்னுடையவை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் உன்னிடம் இருந்ததாக நீ சொன்னதே இல்லை. பக்கங்களின் ஓரத்தில் வெள்ளையாகவும் நீலமாகவும் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கின்றன. விரலால் தடவினால் மாவு மாதிரி ஒட்டுகிறது. நேற்றுத்தான் புரிந்தது. அது துணியில் கோடு போடுகிற சாக்பீஸ். இவை உன் அப்பாவின் புத்தகங்களா?

மமதா மிஸ் உன்னைக் கேட்டார். ஹால் டிக்கெட் வந்துவிட்டது. உன்னுடையதைத் தன் மேஜை டிராயரில் வைத்திருக்கிறார். ஒருநாள் எனக்குக் காட்டினார். போட்டோவில் நீ நன்றாக இருக்கிறாய், இரட்டைப் பின்னலில் ஒன்று முன்னால் விழுந்திருக்கிறது. பரீட்சை முப்பதாம் தேதி ஆரம்பம். ஓசூர் பக்கம் எல்லாம் இப்போது பஸ் ஒழுங்காகப் போகிறது என்று மஞ்சுநாத் அண்ணன் சொல்கிறார். அவர் கண்டக்டர் வேலைக்குப் போகிற ஆனேக்கல் பஸ்ஸிலேயே நம் ஆட்கள் தமிழில் பேசிக்கொண்டு வருகிறார்களாம்.

உனக்காகக் காத்திருக்கும்
ருக்கு


ஒக்கலிபுரம்
31.5.1992

மரியாதைக்குரிய பெருமாள்சாமி மாமாவுக்கு,

ருக்கு வணக்கத்துடன் எழுதுகிறேன். அத்தைக்கும் என் வணக்கங்கள். உங்களுக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்க வேண்டாம். அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

திலகா ஏப்ரலில் எனக்கு ஒரு கார்டு போட்டாள். இனிமேல் புத்தகங்களைப் பற்றி எழுதாதே, அவற்றைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடு என்று எழுதியிருந்தாள். அவள் கையெழுத்துத்தான், ஆனால் அவள் பேச்சு மாதிரி இல்லை. அதற்குப் பிறகு நான் இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

புத்தகங்களை நான் கடையில் போடவில்லை. முப்பத்தொரு புத்தகங்கள் எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இருக்கின்றன. வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். உங்களைக் கேட்காமல் எல்லாவற்றையும் படித்தேன், மன்னிக்க வேண்டும்.

மாமா, நீங்கள் படித்து நிறுத்திய இடத்தில் எல்லாம் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறீர்கள். இருப்பதிலேயே பழைய புத்தகம், அட்டையில் குதிரைப் படம் போட்டது, அதில் அரைப் பக்கத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. அடுத்ததில் இரண்டு பக்கத்துக்கு ஒன்று. மனித உடம்பைப் பற்றிய தடிமனான புத்தகத்தில் பத்து, பன்னிரண்டு பக்கங்கள் தள்ளித்தான் அடுத்த கோடு வருகிறது. கடைசிப் புத்தகத்தில் மொத்தமே நான்கு கோடுகள். அந்த உடம்புப் புத்தகத்தில், கையில் இருபத்தேழு எலும்புகள் இருக்கின்றன என்று சொல்கிற பக்கத்தில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று கோடுகள். அத்தையின் கை வலிக்காக அதைத் திரும்பத் திரும்பப் படித்தீர்கள் என்று நினைத்தேன். தவறாக இருந்தாலும் இருக்கலாம்.

இரண்டாவதோடு நின்றுவிட்டேன் என்று நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தையல் மெஷினில் குனிந்தபடி அதைச் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். நானும் திலகாவும் கடையில் துணி வெட்டும் பலகைக்கு அடியில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருப்போம். எங்களைப் பார்த்து நீங்கள் ஒருநாளும் எழுந்து போ என்று சொன்னதில்லை. வாடிக்கைக்காரர்கள் சொன்னாலும், படிக்கிற பிள்ளைங்க, இருக்கட்டும் என்பீர்கள்.

பரீட்சை முடிவு வந்தது. நான் பாஸ். ஸ்கூல் போர்டில் என் நம்பருக்கு அடுத்த நம்பர் திலகாவுடையது. அதற்கு நேராக வரவில்லை என்று எழுதியிருந்தது. என் நம்பரைப் பார்த்துச் சந்தோஷப்பட எனக்குத் தெரியவில்லை.

மமதா மிஸ் சொன்னார்: நவம்பரிலேயே பெயர் கொடுத்து ஹால் டிக்கெட்டும் வந்துவிட்டதால், அக்டோபரில் வைக்கிற பரீட்சையை அவள் எழுதலாம். ஜூலைக்குள் ஃபாரத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். திலகா எங்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்று அம்மா சொல்கிறாள். லட்சுமம்மா, அவள் என் வீட்டில்தான் படுப்பாள், என்னைத் தாண்டி யார் வருவார்கள் பார்க்கிறேன் என்கிறார்.

கலவரத்தில் கடையை இழந்தது உங்களுக்கு எவ்வளவு பெரிய துக்கம் என்று எனக்குத் தெரியாது. ஊரை நம்புங்கள் என்று சொல்ல நான் யார்? அவள் காஜா போடுவது நன்றாகத்தான் இருக்கும், அவள் கை நேர்த்தியானது. ஆனால் மாமா, அவள் என்னைவிட வேகமாகப் படிப்பாள். எப்போதும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். அவளைப் பத்தாவதில் நிறுத்திவிட வேண்டாம் என்று உங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகள் போன்ற
ருக்கு


ஒக்கலிபுரம்
14.7.1992

என் திலகாவுக்கு,

உன் அப்பா இங்கே வந்திருந்தார் என்று இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். அவர் அதிகம் சொல்ல மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்து ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். நான் பால் வாங்கப் போனபோது உங்கள் கடை இருந்த இடத்துக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். இப்போது அங்கே எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறார்கள். இதை உனக்கு எழுதாமலே இருந்தேன், கோபித்துக்கொள்ளாதே. மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உள்ளே ஒருவர் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். உன் அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா ருக்கு, ஒசந்துட்டியே" என்றார். அவர் இளைத்துவிட்டார், திலகா. சட்டை மட்டும் முன்மாதிரி கச்சிதமாக இருந்தது.

லட்சுமம்மா அவரைக் கண்டதும் அழுதுவிட்டார். உன் அப்பா எதிர்த்தாற்போல் தரையில் உட்கார்ந்துகொண்டு காபியைக் குடித்தார். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து வைத்தேன். ஒவ்வொரு புத்தகமாக எடுத்துத் துடைத்தார். அந்தக் குதிரைப் படம் போட்டதை மட்டும் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"அரைப் பக்கம்னு எழுதியிருந்தே. அரைப் பக்கமில்லம்மா. மொதல்ல ஒரு நாளைக்கு நாலு வரிதான். நடுவுல போட்ட கோடெல்லாம் அழிஞ்சுபோச்சு."

அதைக் கேட்ட லட்சுமம்மா, தமிழை மறந்து தன் கன்னடத்திலேயே, பெண்ணை அனுப்பு, பெண்ணை அனுப்பு என்று இரண்டு தடவை சொன்னார். உன் அப்பா புத்தகங்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்கினார். திங்கட்கிழமை காலையில் குளித்துவிட்டு, என் அப்பாவிடம், "அந்த ஸ்கூல் வரைக்கும் கூட வர்றீங்களா?" என்று கேட்டார். நானும் போனேன். மமதா மிஸ் ஃபாரத்தை நீட்டினார். உன் அப்பா அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கன்னடத்தில் இருந்ததை மிஸ்ஸைப் படித்துக் காட்டச் சொன்னார். பிறகு தமிழில் கையெழுத்துப் போட்டார். தமிழில் போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போட்டார். உங்கள் கையெழுத்து, உங்களுக்கு எது வருமோ அதில் போடுங்கள் என்றார் மிஸ்.

வெளியே வந்த பிறகு என்னிடம், "அவ வரட்டும்மா. பரீச்சை எழுதட்டும். நாங்க ரெண்டு பேரும் எப்ப திரும்பி வருவோம்னு மட்டும் கேக்காதே" என்றார். நான் தலையை ஆட்டினேன். பெட்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை. உடம்பைப் பற்றிய அந்தத் தடிமனான புத்தகத்தை மட்டும் பையில் வைத்துக்கொண்டார். மற்றதெல்லாம் உனக்காம். தனக்கு இவ்வளவு புத்தகம் இருந்தது உனக்குத் தெரியாது என்றார். கடையை மூடின பிறகு உள்ளே உட்கார்ந்து படித்திருக்கிறார், எழுத்துக்கூட்டிப் படிப்பதை நீ பார்த்துவிடக் கூடாது என்று. கலவரத்தன்றுதான் கடையிலிருந்து எடுத்து வந்து லட்சுமம்மாவிடம் கொடுத்தாராம்.

நீ ஆகஸ்ட் இரண்டாம் தேதி வருகிறாய் என்று சொல்லிவிட்டுப் போனார். மஞ்சுநாத் அண்ணன் ஓசூர் வரைக்கும் வந்து அழைத்துக்கொள்வார். ஸ்டேஷன் பக்கமாக வர வேண்டாம், உங்கள் கடை இருந்த தெரு வழியாகவும் வர வேண்டாம். பின்பக்கம் கோதண்டராமன் சார் வீட்டை ஒட்டி வா. அவர் கணக்குச் சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், உன்னைக் கண்டிப்பாக அதட்டுவார். துணி அதிகம் கொண்டுவராதே, என்னுடையது உனக்குச் சரியாக இருக்கும். உன் அம்மாவை நினைத்து அழாமல் வா. அழுதாலும் பரவாயில்லை, வந்து அழு.

அக்டோபர் வரைக்கும் என்னோடு இரு, திலகா. அதற்குப் பிறகு எங்கே என்று நான் உன்னை ஒருநாளும் கேட்க மாட்டேன்.

உன்
ருக்கு