குளம் இருந்த இடம்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

பல்கலைக்கழகத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாறு எழுத நான் ஒப்புக்கொண்டதிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டாலும் படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

நூலகத்துக்கும் விடுதிக்கும் நடுவே இருந்த குளத்தை, நம்மவள் அதில் மூழ்கிய அந்த வருடமே மண்போட்டு மூடிவிட்டார்களாம். இப்போது வெறும் புல்தரை. பதிவாளர் கொடுத்த பழைய வரைபடங்களில் குளமே இல்லை. கோப்புகளில் நம் மகளும் இல்லை.

ஆனால் பிள்ளைகள் யாரும் அந்தப் புல்லை மிதிப்பதில்லை. வகுப்புக்கு நேரமாகி ஓடுகிறவர்கள்கூட, பழைய கரை இருந்த வழியாகவே வளைந்து போகிறார்கள். வேலியோ பலகையோ கிடையாது. நேற்று மத்தியானம் நான் புல்லில் காலை வைக்கப் போனேன். ஒரு மாணவி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், பார்த்து! அங்க ஆழம்."

"வெறும் புல்லும்மா."

அவளே திகைத்துப்போனாள். "ஆமால்ல... ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல சார்."

முதலாண்டுப் பெண். நம்மவள் போனபோது இவள் பிறந்தேயிருக்க மாட்டாள்.

நேரே அறைக்குப் போய் முதல் பக்கத்திலேயே குளத்தை எழுதினேன். தேதியையும் அவள் பெயரையும் எழுதினேன்.

"இதெல்லாம் இப்ப எதுக்கு சார்?" என்றார் பதிவாளர்.

"இதை எடுத்தா மலரே கிடையாது" என்றேன்.

அந்தப் பக்கத்தை மறுபடி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவரும் கரையோரமாகச் சுற்றித்தான் வீட்டுக்குப் போனார்.

இப்படிக்கு,
எழுத்துப் பிழை விடும்
உன் வீட்டுக்காரன்