ராணி வேண்டாம், குதிரை கொடுங்கள்

ஈஜோக் ரப்பர் தோட்டம்,
1952

என் பிரியமுள்ள வீட்டுக்காரர் காப்ரியலுக்கு,

ரோசரி எழுதுகிறேன். நானும் பிள்ளை டொரீனும் சுகம். மாதா துணையால் நீங்களும் தடுப்பு முகாமில் சுகமாக இருக்க வேண்டும். இதை மாதா கோயில் சாமியார் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

முதலில் நல்ல சேதி. தோட்டத்து வேலிக்கு வெளியே நீங்கள் கொண்டுபோய்ப் பிடிபட்ட சோற்றுப் பொட்டலம் உங்கள் பசிக்குத்தான், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு இல்லை என்று தோட்டத்துத் துரையே போலீசில் சொல்லப்போகிறார். எப்படி என்று கேட்டால் நம்பமாட்டீர்கள். சதுரங்கத்தில் அவரை ஜெயித்துவிட்டேன்!

சாலையில் சுடுகிறார்கள் என்று ஜெராம் தோட்டத்துத் துரை சதுரங்கம் விளையாட வருவதை நிறுத்திவிட்டார். போட்டிகளில் கோப்பை கோப்பையாக ஜெயித்த நம் துரை பங்களாவில் தனியே காய் நகர்த்திக்கொண்டிருந்தார். தரை துடைத்த நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? எனக்கும் ஆடத் தெரியும் என்றேன். சிரித்தார். ஜெயித்தால் என்ன வேண்டும் என்றார். என் புருஷன் வேண்டும் என்றேன். தோற்றால் இனி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார்.

ஆட உட்கார்ந்தோம். என் ராணியையும் இரண்டு யானையையும் வாரிக்கொண்டார். ஒரு சிப்பாய் மட்டும் குதிரை வரிசையில் கடைசிக் கட்டத்தைத் தொட்டது. ராணியை எடுத்துக்கொள் என்று அவரே நீட்டினார். நம் லயத்து வீட்டுத் தரையில் கரிக்கோடு கிழித்து, ரப்பர் கொட்டை வைத்து நாம் ஆடும்போது, சிப்பாய் எந்தக் காயின் வரிசையில் போய்ச் சேர்கிறதோ அந்தக் காயாகத்தானே மாறும்? ராணி வேண்டாம், குதிரை கொடுங்கள் என்றேன். அதற்கும் ஒரு சிரிப்பு. குதிரையை வைத்தேன். ஓரத்தில் நின்ற அவர் ராஜாவுக்குச் செக். நகர ஒரு கட்டமில்லை. ஐயோ, அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சொன்ன சொல் தவறமாட்டேன் என்றார். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். பெருமையில் உங்கள் பெயரைச் சொல்லித் தொலைத்தேன். அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. விடுதலையாகி வந்த அன்றே அவனைப் பங்களாவுக்கு அனுப்பு, நானும் அவனும் ஆட வேண்டும் என்றார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்களும் ஜெயித்து அவருக்கு ரோஷம் வந்தால், மறுநாளே உங்களைத் திரும்ப முகாமுக்கு வண்டியேற்றிவிடலாம்.

ஆட்டத்தில் என்னிடம்கூட ஒரு நாளும் விட்டுக்கொடுக்காத மனுஷன் நீங்கள். பிள்ளைக்கு அப்பா வேண்டும். உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். சிப்பாய் குதிரை வரிசையில் வந்தாலும் ராணியையே எடுங்கள். தோற்றுவிட்டு நேராக வீட்டுக்கு வாருங்கள். கோழிக்கறி ஆக்கி வைக்கிறேன்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் ரோசரி