எழுதாமல் விட்ட உயரம்

இன்று காலை செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சியில் மேகம் இறங்கிவிட்டது. கடையைத் திறந்தவன் பாதியிலேயே சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, டிரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்து என் பழைய வரைபடப் பையை இழுத்தேன். திறந்ததும் மெழுகுப் பென்சிலின் வாடை குப்பென்று அடித்தது.

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. உன்மேல் இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை. என்மேல் இருக்கிறதைப் பற்றிக் கேட்காதே.

ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், கடைசியில் ஒரே விமானம். நீ ஓட்டுவாய். நான் பின்னால் உட்கார்ந்து வழி சொல்வேன். மதராஸ் பக்கத்து விமானப்படைத் தளத்திலிருந்து திருச்சிக்குச் சரக்கு ஏற்றிப் போகும்போதெல்லாம் பயணத் தாளை நான்தான் எழுதுவேன். புறப்படும் நேரம், திசை, எரிபொருள், பிறகு ஒவ்வொரு துண்டு வழிக்கும் பாதுகாப்பான உயரம். வழியில் இருக்கிற மிக உயர்ந்த மேட்டைப் பார்த்து, அதோடு ஆயிரம் அடி கூட்டி எழுத வேண்டும். மேகத்துக்குள் ஒன்றும் தெரியாமல் போகிறவனுக்கு அந்த எண்ணை விட்டால் வேறு துணை கிடையாது.

நேர்கோடு திண்டிவனத்து வயல்கள் மேல் போகும். அதற்கான தாள் எழுதி முடித்ததும் என் தோளைத் தட்டுவாய். "பாய், நம்ம ஊரு மேல இஸ்து வுடுய்யா கோட்ட." நானும் சிரித்துக்கொண்டே வரைபடத்தில் சிவப்பு மெழுகுப் பென்சில் கோட்டைச் செஞ்சிப் பக்கம் வளைத்துவிடுவேன். உன் அம்மா மொட்டை மாடியில் சிவப்புப் புடவையைக் காயப்போட்டுவிட்டு அண்ணாந்து நிற்பாள். நீ இறக்கையை ஒரு தடவை சாய்ப்பாய். அதற்குத்தான் அவ்வளவும்.

கோட்டை வளைத்தேனே தவிர, தாளில் உயரத்தை நான் மாற்றியதே இல்லை. சின்ன வயசிலிருந்து ஏறி இறங்கிய மலை, வெயிலில் கண்ணெதிரே நிற்கிறது, அதற்கு என்ன கணக்கு என்று இருந்துவிட்டேன். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் முதல் காரியமாக அதைத்தான் எழுதியிருப்பான். நீயும் கேட்கவில்லை. பாய் எழுதியிருப்பான் என்று நம்பினாய்.

சீனச் சண்டை முடிந்த மறு ஐப்பசி. அந்த வாரம்தான் உனக்குப் பச்சை அட்டை கிடைத்தது. வெள்ளை அட்டைக்காரன் மேகம் தாழ்ந்திருந்தால் மேலதிகாரியைக் கேட்டுத்தான் கிளம்ப வேண்டும். பச்சை அட்டைக்காரன் தானே முடிவெடுத்துத் தானே கையெழுத்துப் போடலாம். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நீ நடந்த நடை இருக்கிறதே!

எனக்குச் சளி பிடித்துக் காது அடைத்திருந்தது. பறக்கக் கூடாது என்று டாக்டர் உட்கார வைத்துவிட்டார். "நாளைக்குப் போலாம்டா, மேகம் தரையத் தொடுது" என்றேன்.

"சளி ஒனக்கு. எனக்கு இன்னா கேடு? எழுதி வெச்சிட்ட இல்ல, குடு."

முந்தின சாயங்காலமே தாளை எழுதி, வழிக்கோட்டையும் வளைத்து வைத்திருந்தேன். பிடுங்கிக்கொண்டு போனாய். எனக்குப் பதிலாக வந்த பஞ்சாப்காரனுக்குச் செஞ்சியில் மலை இருப்பதே தெரியாது.

"தாள்ல போட்ட ஒசரத்துக்குக் கீழ மேகத்துல ஒரு அடி எறங்க மாட்டேன்" என்று எப்போதும் சொல்வாய். அன்றும் இறங்கவில்லை. தாளில் இருந்த உயரத்துக்கு வருகிறேன் என்று ரேடியோவில் சொன்னதுதான் உன் கடைசிப் பேச்சு. அது திண்டிவனத்து வயலுக்கு எழுதிய உயரம். செஞ்சிக் கோட்டைக்கு மேற்கே உள்ள மலையில் விறகு பொறுக்கப் போனவர்கள்தான் உங்களை முதலில் பார்த்தார்கள்.

விசாரணையில் என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "நீங்கள் எழுதிய தாளில் மலைக்கான உயரம் இருந்ததா?"

"இருந்தது, சார்."

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பயம்தான், வேறென்ன. விமானத்தோடு போன தாள் எரிந்துவிட்டது. கார்பன் நகல் என் பையில் இருந்தது, நான் காட்டவில்லை. எழுதிய உயரத்தை மதிக்காமல் விமானி இறங்கினார் என்று முடித்துவிட்டார்கள். அடப்பாவி, உன் பச்சை அட்டைத் திமிர் எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று! எல்லோரும் உடனே நம்பினார்கள்.

இன்று அந்த நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வாசலில் உன் தம்பி மல்லாட்டை உரித்து வேர்க்கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க பாய். இன்னா, மேகத்தப் பாத்துட்டு வந்தீங்களா?" என்றான். "அண்ணனுக்கு எப்பவும் அவசரம். எழுதிக் குடுத்ததயும் மீறி எறங்கிட்டான். அவன் பண்ண தப்புக்கு நீங்க ஏன் இன்னும் மூஞ்சத் தொங்கப் போட்டுக்னு திரியறீங்க?"

உன் அம்மா டீ கொண்டுவந்து கையில் கொடுத்தாள். கண் சரியாகத் தெரிவதில்லை, என் கையைத் தடவிப் பார்த்துத்தான் கொடுத்தாள்.

"நீ சரியாத்தான் எழுதிக் குடுத்த தம்பி," என்றாள். "அவன்தான் கேக்கல."

டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். தாள் பையிலேயே இருந்தது. அப்படியே எழுந்து வந்துவிட்டேன்.