பழைய ரிவால்வரின் இரண்டு சிலிண்டர்கள்

காலையில் எழுந்ததும் முதலில் பால்கனிக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டேன். நீங்கள் வேலை பார்த்த துப்பாக்கிச் சுடும் கிளப்பிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கி எண்ணெய்தான். கதவின் சத்தம் நின்றது. அறை முழுக்க உங்கள் கை வாசனை.

நீங்கள் கண்மூடிய பிறகு அங்கேயே கிடந்த உங்கள் பொருள்களை வாங்கிவர நேற்று கிளப்புக்குப் போயிருந்தேன். நீங்கள் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்த மேசையில் அந்தப் பழைய ரிவால்வர் இருந்தது. விடுமுறை நாள்களில் நாம் சேர்ந்து சுட்டது. அதற்குத் தோட்டா போடும் சிலிண்டர்கள் இரண்டு: சாதாரண டூ டூ (.22) தோட்டாவுக்கு ஒன்று, நீளமான டூ டூ மேக்னம் தோட்டாவுக்கு ஒன்று. அச்சுக் கம்பியை உருவி ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டுவீர்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மேக்னம் சிலிண்டரின் துளை மட்டும் மயிரிழை அளவு கூடுதல் அகலம். சாதாரணத் தோட்டாவும் அதில் போய்விடும். சுட்டால் தோட்டாவின் கூடு உப்பிப் பிளந்துவிடும்.

“ஒண்ணப் போட்டு ஆட்டிப் பாரு அம்மிணி. ஆடுச்சுன்னா வேண்டாம்” என்பீர்கள். எந்தச் சிலிண்டர் என்று நான் சரியாகச் சொல்லிவிட்டால், “ஊட்ல சம்படத்துக்கெல்லாம் மூடிய மாத்திப் போடறவ, இதுல மட்டும் எப்படி?” என்று சிரிப்பீர்கள்.

நேற்று பெண்கள் வகுப்புக்காக, உங்களோடு வேலை பார்த்த பாய் அதில் சாதாரணத் தோட்டாவைப் போட்டுக்கொண்டிருந்தார். அது விழுந்த விதமே சரியில்லை.

“பாய், ருக்கோ! இது மேக்னம் சிலிண்டர்” என்று நிறுத்தினேன்.

“அரே பாபி, டூ டூ ஹி தோ ஹை!” டூ டூ தானே அண்ணி என்கிறார்.

ஆட்டிக் காட்டினேன். தப்புத்தான் என்று இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்ற மலையாளி மேனேஜர், “சேச்சி, லேடீஸ் கிளாஸ் எடுக்க ஆளில்லா. நீங்க வருமோ? விசா நாங்க பார்த்துக்கும்” என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு உங்கள் பையோடு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்ல ஆளில்லை. சாவியை மேசையில் வைத்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

அப்புறம் உங்கள் தம்பி கோயம்புத்தூரிலிருந்து அழைத்தார். “அங்க தனியா இருந்து என்னங்க அண்ணி பண்ணுவீங்க? டிக்கெட் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை ஏர்போர்ட்டுக்குக் காரு கொண்டாந்தர்றனுங்க. மாடி ரூமை ஒழிச்சு வெச்சிருக்கறோம்.”

“சரிங்க தம்பி” என்றேன்.

அவர்கள் அன்பாகத்தான் வைத்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே உங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட பையனைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னோடு இந்த வெளிநாட்டில், இந்த அல் குசைஸ் வீட்டில் இருந்த மனிதரை அவர்களுக்குத் தெரியாது. அவரைத் தெரிந்தவர்கள் பாயும் மேனேஜரும் நானும்தான்.

இங்கேயும் தனிமைதான். வகுப்பு முடிந்தால் இதே பூட்டிய வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

இருந்தாலும் நான் அந்த விமானத்தில் ஏறப்போவதில்லை. வகுப்பை எடுத்துக்கொள்கிறேன். மேனேஜருக்கு இன்னும் சொல்லவில்லை. தம்பிக்கு எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை. எதையும் உங்களிடம் சொன்ன பிறகுதானே மற்றவர்களிடம் சொல்லிப் பழக்கம்.