வகுப்பு வாசலில் ஒரு ஸ்டூல்

அக்கா,

இன்று காலை பிரார்த்தனை முடிந்ததும் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னைக் கடந்து போனாள். மலையில் முடி கொடுத்துவிட்டு வந்த தலை, பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை. அந்த வாசனையில் நீங்கள் வந்துவிட்டீர்கள். கூடவே நம் கௌரியும்.

திருத்தணியில் மொட்டைத் தலை யாருக்கும் புதிதில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு அது வேறு. அப்பாவுக்கு உடம்பு தேறியதற்காக நேர்ந்துகொண்டு முடி கொடுத்தாள் கௌரி. தலையில் கட்டியிருந்த துண்டைப் பக்கத்துப் பெண் இழுத்துவிட, இவள் தண்ணீர் பாட்டிலை வீசினாள். அந்தப் பெண்ணின் நெற்றி புடைத்துவிட்டது. கௌரி ஏற்கெனவே சண்டைக்காரி என்று பெயர் வாங்கியவள் வேறு. "பத்து நாள் வீட்ல இருக்கட்டும், அப்பதான் புத்தி வரும்" என்றார் தலைமையாசிரியர்.

கே.ஜி.கண்டிகையிலிருந்து அவள் அம்மா நடவு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். கோபமே இல்லை அவளிடம், சலிப்புதான். "வூட்ல சும்மா குந்திகினு இருக்கிறதுக்கு அவ பாவா, மாமன் மவனுக்கே கட்டிக் குடுத்துடறேன் டீச்சர். ஆந்திராவுலேர்ந்து அவங்களும் கேட்டுகினுதான் கீறாங்க."

உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனீர்கள்.

"பத்து நாள் அனுப்பினா அவ திரும்பி வரமாட்டா சார். என் பொறுப்புல விடுங்க."

"மறுபடி ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும் டீச்சர்."

"ஆங், சொல்றேன் சார்."

அடிபட்ட பெண்ணையும் கௌரியையும் ஒன்றாக உட்காரவைத்து இருவரையும் பேசவிட்டீர்கள். பிறகு கௌரியைத் தனியே கேட்டீர்கள்: "கோவம் வரப்போவுதுன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"காது சூடாவும் டீச்சர்."

"அப்பவே எழுந்துடு. யாரையும் கேக்க வேணாம். குழாயில மூஞ்சி கழுவிகினு என் வகுப்பு வாசலுக்கு வந்துடு."

அதற்காகவே வாசலில் ஒரு மர ஸ்டூல் போட்டீர்கள். அவள் எழுந்தால் தடுக்க வேண்டாம் என்று எங்கள் ஒவ்வொருவரிடமும் வந்து சொன்னீர்கள். "சத்திரம் தொறந்துட்டீங்களா?" என்று ஆசிரியர் அறையில் கேலி செய்தார்கள். "ஆமா, சாப்பாடு மட்டும் கிடையாது" என்று சிரித்தீர்கள்.

ஒரே நாளில் அவள் திருந்திவிடவில்லை. ஒருத்தியின் பையை ஜன்னல் வழியாக எறிந்தாள். நீங்களும் கூடப் போய், சிதறியதையெல்லாம் அவளையே பொறுக்கித் துடைத்துக் கொடுக்க வைத்தீர்கள். தலைமையாசிரியரிடம் நீங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

பிறகொரு மதியம், என் கணக்கு வகுப்பில் யாரோ எதையோ முணுமுணுத்தார்கள். கௌரி எழுந்தாள். நேரே வெளியே போனாள். எட்டிப் பார்த்தேன். முகம் கழுவிவிட்டு உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் பாடத்தை நிறுத்தவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. சற்றுப் பொறுத்து அவளாகவே திரும்பி வந்தாள்.

அவள் முடி தோள்வரை வளர்ந்தபோது ஸ்டூல் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. கல்யாணப் பேச்சும் அடங்கிப்போய், பிளஸ் டூ முடித்தாள்.

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று, சென்னையில் வேலை பார்க்கும் கௌரி மின்சார ரயில் பிடித்து ஓடி வந்தாள். உங்களை ஒருமுறை பார்த்தாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் வெளியே போய்விட்டாள். "என்னா பொண்ணு இது, நின்னு கும்புடக்கூட இல்ல" என்றார் ஒருவர். பின்பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஈர முகத்தோடு வந்து வாசலில் நின்றாள். எனக்கு அப்போதுதான் அழுகை உடைந்தது. ஒரு நாற்காலியை வாசலோரம் இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள்.

உங்கள் ஸ்டூல் இப்போது என் வகுப்பு வாசலில் இருக்கிறது, அக்கா. காது சூடானால் முகம் கழுவிக்கொண்டு இங்கே வந்துவிடு என்று காலையில் அந்தச் சந்தனத் தலைப் பெண்ணிடமும் சொல்லிவைத்தேன். மூன்றாவது பீரியடில் வந்து நின்றாள், முகமெல்லாம் ஈரம். நான் பாடத்தை நிறுத்தவில்லை.