அழும் முகம் காட்டுவதில்லை

ஜூலை 6, ஞாயிறு

விடாத தூறல். ஒன்பது மணிக்கு சேனலில் எங்கள் நிகழ்ச்சி இல்லை. நகைக்கடை திறப்பு விழா நேரலையாம். இத்தனை வருடமாக ஞாயிறு ஒன்பது எங்களுடையது. எரிச்சல்.

இன்று வரவேண்டியது வால்பாறை தேயிலைத் தொழிலாளி சூசையின் கதை. ரிடையர் ஆனதும் எஸ்டேட்காரர்கள் தொழிலாளர் வரிசையிலிருந்த லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். நுரையீரலும் கெட்டுவிட்டது. அவர் மனைவி ஸ்டெல்லா போன்: "ஏனுங்க, லைனே எங்கூட்டு டிவி முன்னால உக்காந்திருந்துச்சுங்க. இவரு புதுச் சட்டை போட்டுட்டு உக்காந்தாருங்க."

அடுத்த வாரம் கட்டாயம் என்றேன்.

ஜூலை 9, புதன்

புது புரோகிராம் ஹெட், போன வாரமே முடித்த எடிட்டைப் பார்த்தார். "அவரு அழறத க்ளோசப்ல வைங்க சார். மியூசிக் போட்டா அள்ளும்."

அள்ளுமாம்! முடியாது என்றேன். தொடங்கிய நாளிலிருந்து வழக்கம், அழும் முகம் காட்டமாட்டோம், மியூசிக் கிடையாது. சூசை வாயைத் திறந்ததுமே அழுதார், கடைசிவரை அழுதார். அதனால் படம் முழுக்கக் கைகள், தேயிலைக் கறை ஏறிய விரல்கள். பின்னால் மழைச் சத்தம்.

கத்தித்தான் ஜெயித்தேன். எடிட் அப்படியே ஓகே ஆனதும் கேமராமேன் செல்வம் வழக்கம்போல் எடிட் கம்ப்யூட்டரில் இருந்ததையும் மெமரி கார்டையும் அழித்துவிட்டு, அதே கார்டோடு சிங்காநல்லூர் ஷூட்டிங் போனான்.

பிரஷர் மாத்திரை வாங்க மறந்தாயிற்று.

ஜூலை 13, ஞாயிறு

இன்றும் இல்லை. ஜோதிடம்! இனிமேல் ஞாயிறே கிடையாது, புதன் காலை எட்டு. அந்நேரம் எஸ்டேட்டில் எல்லாரும் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள் என்று ஹெட்டிடம் சொன்னேன்.

"யூடியூப்ல பாத்துக்குவாங்க சார்."

மழைக்காலத்தில் அங்கே நெட் ஏது, மடையா. மனதுக்குள்தான் சொன்னேன்.

ஜூலை 15, செவ்வாய்

சூசை போய்விட்டார். விடியற்காலையில். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா மனுசன்.



ஜூலை 16, புதன்

எட்டுக்கு வந்தது. பத்தரைக்கு ஸ்டெல்லா.

"எல்லாரும் பாத்தோமுங்க. துக்கம்னு லைன்ல யாரும் வேலைக்குப் போகலீங்க. கொரலு அவருதுதானுங்க. மூஞ்சி எங்கீங்க?"

அவரே தொடர்ந்தார்.

"கலியாணப் போட்டோ மழையில ஊறிப்போச்சுங்க. ஆதார்ல இருக்கறது அவராட்டவே இல்லீங்க. நீங்க எடுத்ததுல ஒண்ணு குடுங்க. அழுதுட்டிருந்தாலும் பரவால்லீங்க."

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பாவி. எதைத் தேட?

அந்தக் கார்டில் இப்போது சிங்காநல்லூர் குளம் இருக்கிறது.